ரோஸ் நிறக் கேக்

அந்த பேக்கரிக்காரருக்குத் தன் கைப்பக்குவத்தில் அப்படியொரு பெருமை. அன்று காலை கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அவர் பிசைந்துகொண்டிருந்த கேக் மட்டும் எலிகளுக்கானது. வெறும் எலிமருந்தை எலிகள் மோந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் வெண்ணெய், சர்க்கரை, முட்டை என்று ஒரு குறையும் வைக்காமல் சேர்த்து, அதில் மருந்தைக் கலந்தார். விற்கிற கேக்கோடு கலந்துவிடக் கூடாதே என்று ரோஸ் நிறச் சாயமும் ஊற்றினார். என்ன ஒரு முன்ஜாக்கிரதை பாருங்கள்!

எலிகள் ஏன் வந்தன என்று மட்டும் அவர் யோசிக்கவேயில்லை. விற்காத பன்னையும் ரொட்டியையும் பின்சந்துத் தொட்டியில் மூடாமல் கொட்டுவது அவரேதான்.

"கொழந்த இருக்கிற வீடு. இதெல்லாம் வேணாங்க" என்றாள் மனைவி. கடைக்கு மேல் மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

"சந்துலதானே வெக்கிறேன். மாடிக்கு எப்படி வரும்? நீ ஒண்ணு!"

எலிகள் செத்து விழுந்தன. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டொரு நாளில், எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் குடியிருந்த ஆந்தையும் சாக்கடையோரம் சிறகை விரித்தபடி கிடந்தது.

"செத்த எலியத் தின்னுருக்குங்க. இது நம்ம எலியப் புடிச்சிட்டிருந்த ஆந்தை" என்றாள் மனைவி. "எனக்குப் பயமா இருக்கு."

"நான் எலிக்குத்தானே வெச்சேன்? அது தின்னா நான் என்ன பண்றது?" என்றவர், ஆந்தையை அட்டையால் தள்ளிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் கேக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

மதியம் சாப்பிட மாடியேறினார். மூன்று வயது மகள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் ரோஸ் நிறம். வாயோரத்திலும் ரோஸ் நிறம்.

"பாப்பா! இது ஏது?"

"காக்கா போட்டுச்சுப்பா."

குழந்தையை அள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா!" என்று அலறிக்கொண்டே மனைவி பின்னால் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எவ்வளவு சாப்பிட்டா?"

அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குக் கேக் என்றால் உயிர். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கமாட்டாள். அதுவும் இந்தக் கேக்கில் அவர் என்ன குறை வைத்தார்?

ஊசியைப் பார்த்த குழந்தை அழுதது. "நான் திங்கலப்பா! அணிலுக்கு ஊட்டினேன். கைய மட்டும்தான் நக்கினேன்." தினமும் தன் ரொட்டியைப் பிய்த்து, பால்கனிக்கு வரும் ஒரு அணிலுக்குக் கொடுப்பது அவள் வழக்கம். "அணில் பூச்சட்டிகிட்ட தூங்குது. கூப்பிட்டா எந்திரிக்கவே மாட்டேங்குது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரத்தம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். "இனிமே பயமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா சொல்லும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் நேராகச் சந்துக்குத்தான் ஓடினார். குனிந்து குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். எத்தனை வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. மதில்மேலிருந்த காகம் ஒன்று அலகில் எதையோ கவ்விக்கொண்டு பறந்தது. "ஏய், போடு! கீழ போடு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அது கூரைகளைத் தாண்டி, குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்ட பக்கமாகப் போய் மறைந்தது.

எல்லா வீட்டுக் கதவையும் தட்டி எச்சரித்துவிட்டுத் திரும்பியவர், மனைவியிடம் சொன்னார்:

"எலிக்குன்னு வெச்சேன். அதுல எலின்னு பேரா எழுதியிருக்கு? குப்பையத் தெறந்துபோட்டு எலிய வரவெச்சது நான். அதப் புடிக்க வந்த ஆந்தையக் கொன்னதும் நான். நம்மகூட இதே தெருவுல பொழைக்கிற உசுருங்களுக்கு நாம வெக்கிற வெஷம், சுத்திச் சுத்தி நம்ம புள்ள கைக்குத்தான் வரும். மொதல்ல அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி போடணும்."