அரைச் சுவர்

"அம்மா, நம்ம செவுரு எதும்மா?"

தனுஷிகா இப்படிக் கேட்டபோது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட அவளுக்கு ஆகியிருக்கவில்லை. முருகன் படம் மாட்ட அவள் அப்பா மூக்கன் அடித்த ஆணி சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போய், அங்கே சோற்றுப் பானைக்குள் காரை விழுந்து, பக்கத்து வீட்டு ஜீவராணி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன நாள் அது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இந்தப் பக்கத்துச் சுவர் ஜீவராணிக்கும் சொந்தம். அந்தப் பக்கத்துச் சுவர் இன்னொரு குடும்பத்துக்கும் சொந்தம். முன்சுவரும் பின்சுவரும் தேயிலைத் தோட்டத்துக்காரருடையவை. வேலாயி மகளைத் தட்டிக்கொடுத்தாள். "தூங்கு கண்ணு" என்றாள்.

அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறது. வேலாயி பிரதேச சபையின் மர வாங்கில் உட்கார்ந்து கூப்பிடுவார்களா என்று காத்திருந்தாள். ஈரச் சேலையின் ஓரத்திலிருந்து தரையில் நீர் சொட்டியது. இன்று மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாததால் பேர் விழாது, நாள் சம்பளம் போச்சு.

உள்ளே இருந்த அதிகாரி துரைராசா யாழ்ப்பாணத்து மனிதர், மாற்றலாகி வந்தவர்.

"அம்மா, உங்கட லயம் நிக்கிறது தேயிலைத் தொழிற்சாலைக் காணியில. வரைபடத்தில அப்பிடித்தான் கிடக்கு. அதில குடியிருக்கிறதுக்கெண்டு புதுசா ஒண்டும் கட்டேலாது."

"ஸ்டோரு மூடி எவ்வளவோ காலமாச்சுங்கய்யா. மெசினெல்லாம் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பொறவு என்னங்கய்யா தொழிற்சாலை?"

"மூடினாலும் காணியின்ர வகை மாறேல்லை."

"கக்கூஸு ஒன்னுதாங்கய்யா கேக்குறேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பொதுக் கக்கூஸு கீழ பள்ளத்துல இருக்கு. மழையில அவரப் புடிச்சுக்கிட்டு எறங்குறப்ப ரெண்டு பேரும் சேந்து உருண்டிருக்கோம்."

துரைராசா பேனாவை மூடினார், திறந்தார். "சட்டத்தை நான் எழுதேல்லை, அம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாட்டுக்கொட்டில் எண்டால் போடலாம். தளத்துக்குச் சீமெந்து பூசலாம். கழிவு போகக் குழி வெட்டலாம். சுவர் மட்டும் இடுப்பளவுதான். கதவும் வைக்கேலாது."

"எங்ககிட்ட மாடு இல்லைங்களே."

"நான் பாக்க வாற அண்டைக்கு இருந்தாச் சரி."

லயத்தில் மாடு வைத்திருந்தவள் ஜீவராணி ஒருத்திதான். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. வேலாயி அவள் வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"பீலியில என் கொடத்த ஒதச்சுத் தள்ளுனப்ப பக்கத்து வீட்டுக்காரின்னு ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு. அதான் மெதுவா ஒதச்சேன்."

ஜீவராணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கட்டிக்க. எங்க மாடு சிங்காரிக்கு ரெண்டாவது காம்பரா கெடைக்கப் போவுது. எனக்கு இன்னும் ஒன்னுதான்."

"இதுக்கு நான் என்ன செய்யணும், ஜீவராணி?"

"ஒன்னும் செய்ய வேணாம். கணக்குப் பேசிக்கிட்டு வந்தா மாட்ட அவுத்துக்கிட்டுப் போயிருவேன்."

ஜீவராணியின் புருஷன் சுமன் தலவாக்கலையில் மேசன் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல் அடுக்கி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினான். மேலே பழைய தகரத்தைப் போட்டான்.

பார்வையிட வந்த அன்று துரைராசா குடையோடு சுற்றி வந்தார். சிங்காரி புதுச் சுவரை நக்கிக்கொண்டு நின்றது. மூலையில் கிடந்த நாலுகால் பிளாஸ்டிக் கதிரையை அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மூக்கன் கோணிய வாயால் மெல்லச் சொன்னான். "பால் கறக்கங்கய்யா."

"நடுவில ஓட்டை கிடக்கு."

"சட்டி வைக்கங்கய்யா" என்றாள் ஜீவராணி.

துரைராசா மூக்கனின் மடங்கிய காலைப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்து, "நல்ல பசு" என்றார். கூட வந்தவர் சிவப்புப் பெயின்டால் முன்சுவரில் 'மாட்டுக்கொட்டில்' என்று எழுதி, கீழே ஒரு எண்ணும் போட்டார்.

"இதை அழிச்சுப் போடாதேங்கோ, அம்மா. இது கிடக்கும் மட்டும் ஒருத்தரும் இடிக்க வரமாட்டினம்."

வேலாயி இரு கைகளையும் கூப்பினாள்.

மறுநாளிலிருந்து மூக்கன் பள்ளத்துக்குப் படி இறங்கவில்லை. சுவருக்கு மேலே அவன் தலை தெரியும். காற்றடித்தால் வேலாயி உரச்சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வழியாக மலைக்கு ஏறும் பெண்கள் யாரும் சொல்லாமலே மூடிக்கிடந்த ஸ்டோருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

சனிக்கிழமை தனுஷிகா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"கட்டியாச்சாம்மா?"

"கட்டியாச்சு. நாலு பக்கமும் நம்ம செவுருதான். யாரோடதும் ஒட்டல."

அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்புக் கேட்டது. தன் கேள்வி அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"படம் எடுத்து அனுப்பும்மா. தீவாளிக்கு லீவு குடுத்தா வாரேன். வந்து என் கையால வெள்ளையடிக்கிறேன்."

"வா கண்ணு" என்றாள் வேலாயி. வெள்ளையடிக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாத பின்பக்கமாகப் போய் நின்று படம் எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க மழை. ஒரு நாள் விடிவதற்கு முன்னால் வேலாயி அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, புல் அறுக்கத் தண்ணீர் ஓடும் கானோரமாக இறங்கினாள். ஈரப்புல் விரல்களை அறுத்தது. புல்லுக்கட்டைச் சுமந்து மேலே வந்தபோது லயம் முழுவதும் கதவடைத்துக் கிடந்தது. ஜீவராணியின் பட்டியில் சிங்காரி எழுந்து நின்றது. வேலாயி கட்டைப் பிரித்து, தண்ணீர் வடிய உதறி, அதன் முன்னால் பரப்பினாள். சிந்திய புல்லையும் பொறுக்கிப் போட்டாள்.

மாடு மெல்லத் தொடங்கியது. அதன் பட்டிக்கு மூன்று பக்கமும் வெறும் கம்புகள்தான், மழை குறுக்கே அடித்தது. வேலாயி தலையிலிருந்த சாக்கை எடுத்து அதன் முதுகில் விரித்துவிட்டு, நனைந்தபடி பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள்.