மடங்காத விரல்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், அரசாங்கம் வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டில் அந்த இல்லம் நடந்தது. அநாதைப் பிள்ளைகளும் ஊனமுற்ற பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். இன்னாசிமேரி அங்கே ஆயா. பிறந்து இருபதே நாளான ராசம்மாளை யாரோ கொண்டுவந்து விட்டபோது, சங்கில் பால் புகட்டிப் பிழைக்க வைத்தவள் அவள்தான்.

1961இல் ஓர் உத்தரவு வந்தது. ஊனமுற்ற பிள்ளைகள் மட்டும் வேறு ஜில்லாவில் திறக்கும் புது இல்லத்துக்குப் போக வேண்டும்.

பத்து வயது ராசம்மாளின் முகம் சுண்டிவிட்டது. அவளுடைய சிநேகிதி மெஹர்பானுவுக்குக் கண் தெரியாது. பகலில் ராசம்மாள் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போவாள். இருட்டிவிட்டால், இருட்டுக்குப் பயந்த ராசம்மாளை அவள் கூட்டிப்போவாள்.

பிள்ளைகளைப் பிரித்து எழுத டாக்டர் வந்தார். ராசம்மாளை ஒரு பார்வை பார்த்து, "இது நல்லாருக்குது" என்றார்.

இன்னாசிமேரி முன்னால் வந்தாள். "ஏனுங்க, அதுக்கு வலது கையில விரலு மடங்காதுங்க."

"எந்த விரலு?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "சுண்டு விரலுங்க."

டாக்டர் குனிந்து பார்த்தார். அந்தச் சுண்டுவிரல் மெஹர்பானுவின் கைக்குள் நன்றாக மடங்கி இறுகியிருந்தது.

"நீ வளர்த்த பிள்ளைதானேம்மா? அப்படி எழுதினா உன்னை விட்டுப் போயிருமே."

"தெரியுமுங்க."

அவர் ராசம்மாளிடம் கேட்டார்: "உனக்குச் சம்மதமா பாப்பா?"

ராசம்மாள் ஆயாவைப் பார்த்தாள். ஆயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போறேனுங்க" என்றாள் பிள்ளை. டாக்டர் எழுதினார்.

பஸ் புறப்படும்போது மெஹர்பானு ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துழாவினாள். "ஆயா, நீங்களும் வாங்க."

"இங்க இருக்கற சின்னதுகளுக்கு ஆரு சாமி இருக்கறா? கிறிஸ்துமஸ் லீவுக்கு வாரேன்."

சொன்னபடியே போனாள். மூன்று பஸ் மாறி, இடுப்பில் முறுக்குத் தூக்கோடு அந்த இல்லத்து வாசலில் நின்று காவற்காரரிடம் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டு முதலில் ஓடிவந்தது மெஹர்பானுதான்; ராசம்மாள் பின்னால் இழுபட்டு வந்தாள். ஆயாவின் கையைத் தோள் வரைக்கும் தடவிப் பார்த்துவிட்டு மெஹர்பானு சொன்னாள்:

"பார்த்தியா ராசு, நான் சொன்னேன்ல? நாம வந்ததிலிருந்து ஆயா சரியாவே சாப்பிடலை."