இஞ்ஞாசியின் இடது கால்

தோல் ஷாப்பு அணிக்கு ஆடிய சனாவுல்லாவின் கால் எலும்பை முறித்தவன் மில் அணியின் இஞ்ஞாசி. 1959இல் நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தில், பந்து வேறொருவனிடம் போன பிறகு, இரண்டு காலாலும் அந்தக் காலின்மேல் குதித்தான். எலும்பு முறிந்த சத்தம் மைதானத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. சனாவுல்லாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது குனிந்து சொல்லவும் செய்தான்: "இனி இந்தக் காலு தோல் மிதிக்கத்தான் ஆகும் பாய்."

அப்படித்தான் ஆயிற்று. பந்து ஆடுவதற்காகவே சம்பளம் கொடுத்துவந்த தோல் ஷாப்பு முதலாளி, மாவுக்கட்டைப் பிரித்ததும் அவனைத் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறக்கிவிட்டார். முழங்கால் அளவு பட்டைத் தண்ணீரில் நின்று தோல் மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் அடியில் இஞ்ஞாசியின் கால் கிடந்தது. இரண்டு வருஷத்தில் கெண்டைச் சதை திரும்பி வந்தது. ஷாப்பு அணித் தலைவன் சேக் பரீதிடம் போய் நின்றான்.

"மில்லுக்காரங்க ஆட்டத்துக்கு என்னைய இறக்குங்கண்ணே."

"ஆடவா, பழி வாங்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டு அணியும் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணி சுற்றிக்கொள்வார்கள். அதில் ஒரு தந்திரம் உண்டு. காலில் நோவு இருந்தால் நல்ல காலுக்குத்தான் தடியாகக் கட்டுவார்கள், எதிராளி அங்கே அடிக்கட்டும் என்று. அன்று இஞ்ஞாசியின் வலது கால் வாழைத்தண்டு கனத்துக்கு இருந்தது. இடது காலில் பேருக்கு ஒரு சுற்று.

சனாவுல்லாவுக்குப் புரிந்துவிட்டது. இடது முழங்கால் போய்விட்டது. மில்லுக்குத் தெரியாமல் மறைக்கிறான்.

முதல் பந்து வலது ஓரத்தில் வந்தது. மறிக்க வந்தவன் இஞ்ஞாசி. ஒரே உதை போதும். கால் எழும்பியும்விட்டது. அப்போது பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்த மில் மேனேஜர் கண்ணில் பட்டார்.

அந்த மில்லின் வழக்கம் ஊருக்கே தெரியும். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தவனுக்கு ஆயுசுக்கும் வாசல் காவல் வேலை. ஆட்டம் மங்கிப்போனவனுக்கு மறுநாள் வேலை கிடையாது.

சனாவுல்லா காலை இறக்கினான். பந்தை வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினான். இஞ்ஞாசி இடது காலை ஊன்றித் திரும்பப் பார்த்தான். முடியவில்லை.

அடுத்த பந்தும் அதே வழி. அதற்கடுத்ததும்.

"ஏலே இஞ்ஞாசி, சிறுமலை பஸ் போயிருச்சுலே. இனி நாளைக்குத்தான்," என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

சேக் பரீது ஒரு கோல் போட்டான். சனாவுல்லா அதைப் பார்க்கவில்லை. மேனேஜர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இஞ்ஞாசியைக் காட்டி ஏதோ கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிற்பாதியில், வெளியே போன பந்தை எடுத்துவர ஒரு பையன் ஓடியிருந்த நேரத்தில், இஞ்ஞாசி பக்கத்தில் வந்து நின்றான். மூச்சு இரைத்தது.

"பாய், ஒரு அடி அடிச்சுரு."

"எதுக்கு?"

"தெரிஞ்சுதான ஆடுற. நீ அடிச்சா விழுந்துருவேன், தூக்கிட்டுப் போயிருவாங்க. புள்ளகுட்டிக்காரன்யா நான்."

"எந்தக் கால்ல அடிக்கணும்?"

இஞ்ஞாசி பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்தான். "இடது."

அதை அவன் வாயால் கேட்டாயிற்று. "பயப்படாம ஆடு. ஒன் மேல தூசி படாது," என்றான் சனாவுல்லா.

பந்து வந்தது. இஞ்ஞாசி மறிக்கவில்லை. இடது காலை வழியில் நீட்டிப் போட்டான். இரண்டு வருஷமாகத் தேடிய கால் அடிக்கத் தோதாகக் கிடந்தது. சனாவுல்லா எல்லோரும் பார்க்கக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு முழம் தள்ளித் தாண்டினான்.

பின்னால் இஞ்ஞாசி அலறிக்கொண்டு விழுந்தான். நடுவர் ஊதவில்லை.

"தொடவே இல்லடா, நடிக்கிறான்," என்று கூட்டம் ஊளையிட்டது.

சனாவுல்லா பந்தைக் கோலுக்குள் தள்ளினான். கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மேனேஜரின் நாற்காலி காலியாகியிருந்தது. இஞ்ஞாசி தரையில் கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தான். அவன் அணிக்காரர்கள் யாரும் கிட்டே போகவில்லை.

சனாவுல்லா அவன் எழுந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.