பன்னிரண்டு ஆகட்டும்

யுகேந்திரனுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். அக்காள் கணவர் பரமேஸ்வரன் கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐந்து மணிக்குள் முன்பணம் கட்டினால்தான் நாளைக்கு இருதய ஆபரேஷன். அக்கா ரமணி நம்பிக் கொடுத்த சேமிப்பு முழுவதையும் இவன்தான் கிரிப்டோவில் போட்டு வைத்திருந்தான்.

அந்தக் காசு ஒரு பிளாக்செயினில், அதாவது இணையத்தில் ஓடும் ஒரு கணக்கேட்டில், இருந்தது. ரிங்கிட்டாக மாற்றித் தரும் செயலியோ வேறொரு பிளாக்செயினில் இருப்பதைத்தான் வாங்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் காசு தானாகத் தாவிவிடாது. நடுவில் பிரிட்ஜ் என்று ஒன்று வேண்டும். அது இந்தப் பக்கம் காசைப் பெட்டகத்தில் பூட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் அதே மதிப்புக்கு டோக்கன் கொடுக்கும். பெட்டகத்தில் காசு இருக்கும்வரைதான் டோக்கனுக்கு மரியாதை.

பிரிக்பீல்ட்ஸில் தான் வேலை செய்யும் கைப்பேசிக் கடையில் உட்கார்ந்து, பத்தே காலுக்குக் காசைப் பூட்டினான். பத்து முப்பத்தைந்துக்கு, டோக்கனைப் பெற்றுக்கொள்ளும் பொத்தான் பச்சையானது. விரலை வைக்கப் போனவன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. போன தடவை அதைப் பார்க்காமல் கிரிப்டோ வாங்கித்தான் கையைச் சுட்டுக்கொண்டான்.

"அமுக்குலா, என்னா யோசிக்கிற?" என்றார் முதலாளி ஷாஹுல் ஹமீது.

"பன்னெண்டு ஆகட்டும் பாஸ். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

அந்தக் காலண்டரின் கணக்கு ஆறு மணிக்கு உதிக்கிற சூரியனுக்கு. இங்கே விடிவதே ஏழுக்கு மேல். முறைப்படி பார்த்தால் பத்து முப்பத்தைந்து ராகுகாலமே இல்லை. இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அச்சில் இருந்தால் போதும் நமக்கு.

பதினொன்றரைக்கு எவனோ, எந்த ஊரிலோ இருந்துகொண்டு, பிரிட்ஜின் பெட்டகத்தைத் துடைத்தெடுத்துவிட்டான். அது தெரியாமல் பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிடத்தில் யுகேந்திரன் பொத்தானை அமுக்கினான். டோக்கன் சுளையாக வந்து சேர்ந்தது. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. மொத்தத்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு தேறவில்லை. பச்சையானபோதே அமுக்கியிருந்தால் அப்போதே விற்று முடித்திருக்கலாம். தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

மூன்று மணிக்கு ரமணி அழைத்தாள்.

"காசு வந்துருச்சா தம்பி? கவுண்டர்ல கேட்டுட்டே இருக்காங்க."

"பிரிட்ஜ்ல ஒரு பிரச்சனைக்கா."

"ராகுகாலத்துல ஒண்ணும் செய்யலையே?"

"இல்லக்கா. பன்னெண்டு தாண்டித்தான் செஞ்சேன்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

"அப்ப வந்துரும். நான் கவுண்டர் பக்கத்துலயே நிக்கிறேன்."