தள்ளுவதற்கு முந்தைய கணம்

1

எழுந்தேன். படுக்கையை மடித்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். வாசலில் தண்ணீர் கேன் வந்திருந்தது. தூக்கக் குனிந்தவன், தூக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தக் கதை அங்கே பிறந்தது. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவசரமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பல நாளுக்குப் பிறகு ஒரு விஷயம் எனக்குப் புரிந்திருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "என் மனைவியை யாராலும் தள்ள முடியாது."

காலம் தவறு. "முடிந்ததில்லை" என்று திருத்தினால் வாக்கியம் நொண்டுகிறது. தவறாகவே இருக்கட்டும்.

இரண்டாவது: "அவள் போன பிறகு இந்த வீட்டில்

(இல்லை. இதை எழுதப்போவதில்லை.)

மூன்றாவது, வெறும் தகவல். நான் இயற்பியல் படித்தவன். எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது தொழில். அவள் பகலில் மருந்துக்கடையில் இருந்தாள். மாலையில் ஒரு வாடகைக் கூடத்தில் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்தாள். பாய்ந்து உதைக்கிற வகை அல்ல, நிற்கிற வகை. பேருந்துக்குக் காத்திருப்பவள்போலத் தளர்வாக நிற்பாள். தடியான ஆள் அவள் தோளில் கைவைத்துத் தள்ளுவான். அவன்தான் பின்னால் போவான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உள்வலிமை.

வகுப்பை இப்போது அவள் தம்பி நடத்துகிறான். கூடத்தில் அவள் படத்தை மாட்டப்போகிறார்கள். அதன் கீழே வைக்க என்னை ஒரு பக்கம் எழுதித் தரச்சொன்னான்.

"அறிவியல் தோத்துப்போச்சுன்னு நீங்க எழுதினாத்தான் மாமா எடுபடும். நான் எழுதினா, அக்கா புராணம்னுடுவாங்க."

பார்க்கலாம் என்றேன்.

3

அறிவியல் அவ்வளவு சுலபமாகத் தோற்கவில்லை என்பதை முதலில் பதிவுசெய்கிறேன்.

வேலையிடத்திலிருந்து ஓர் எடை இயந்திரம் கொண்டுவந்து அவளை அதில் நிற்கவைத்துத் தள்ளினேன். அவள் எடை கூடியது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவள் சிரித்து, அளக்கவேண்டியது தன்னை அல்ல, என்னை என்றாள். இன்னொன்றைக் கொண்டுவந்து அதில் நான் ஏறினேன். தள்ளத் தள்ள என் எடை குறைந்தது. இருவர் எடையின் கூட்டுத்தொகை மாறவே இல்லை!

(விளக்கம்: முழங்காலை அவள் இம்மியளவு மடக்கி நிமிர்வாள். எனக்குத் தெரியாமலே என் கைகள் வழியாக அது என்னைச் சற்று மேலே தூக்கிவிடும்; அந்த எடை அவள் காலுக்கு இறங்கும். காலுக்கடியில் பிடிப்பு போனவன் எதைத் தள்ளுவான்?)

அன்று முழுக்க வீட்டுக்குள் ராஜா மாதிரி நடந்தேன்.

"ரொம்ப ஆடாதீங்க. எப்ப மடக்கணும்னு எனக்கு எப்படித் தெரியுது? அதைச் சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

4

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் தள்ளல் வந்து சேர்வதற்கு முன்பே அவள் முழங்கால் மடங்கியது. தள்ளிய பிறகு மடக்கினால் நேரம் போதாது. கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன். துண்டால் அவள் கண்ணைக் கட்டினேன். அப்போதும் மடங்கியது. தள்ளப்போவதாகப் பாவனை செய்தேன். அசையவே இல்லை. என்னைவிட முன்னதாக என் முடிவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

எப்படி என்று கெஞ்சினேன். உங்கள் படிப்பு எதற்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

(இங்கே அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. அதை ஒரே வரியில் கடக்கிறேன். வந்தது, இறங்கவில்லை.)

5

இன்று காலை. கேனைப் பிடித்த கை இன்னும் இழுக்கவில்லை; என் மூச்சு நின்றிருந்தது.

அவ்வளவுதான்! எடையை எதிர்கொள்ளும் முன் மூச்சு நிற்கிறது, வயிறு இறுகுகிறது. அந்த இறுக்கம் உள்ளங்கை வழியாக அவள் தோளுக்குப் போயிருக்கிறது. பாவனை செய்தபோது நான் மூச்சைப் பிடிக்கவில்லை. அதனால் அவளும் மடக்கவில்லை. எல்லாம் பொருந்துகிறது.

மைத்துனனுக்கு உடனே போன் செய்து கொட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அக்கா ஒண்ணுமில்லையா, மாமா?"

போனை வைத்துவிட்டேன். என் தோளிலும் அவள் கை எத்தனையோ முறை இருந்திருக்கிறது. அதே இயற்பியல், அதே தோல். எனக்கு ஒருநாளும் எதுவும் தெரிந்ததில்லை.

6

படத்தின் கீழே எந்த முடிவை வைப்பது?

அ) அறிவியல் தோற்றது. தம்பி மகிழ்வான். பொய்.

ஆ) அறிவியல் வென்றது. உண்மை. ஆனால்

இ) அவள் கனவில் வந்து புன்னகைக்கிறாள். (வரவில்லை. அடித்துவிட்டேன்.)

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் தருகிறேன். மருத்துவமனை. கண்ணைத் திறக்க அவளுக்குத் தெம்பில்லை. தலையணையைச் சரிசெய்ய அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன். இன்னும் தூக்கவில்லை. அதற்குள் அவள் சொன்ன ஒரு வரியை அன்று ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

"மூச்சைப் பிடிச்சுக்காதீங்க."