ஏழு கட்டங்களும் என் அண்ணனின் முட்டியும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நான் செய்த இணையப் படிவத்தைச் சோதிக்கும்போது, இருக்கிற கட்டங்களில் எல்லாம் மளமளவென்று டிக் அடித்து, 'அனுப்பு' பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்கான படிவத்தையும் அப்படித்தான் சோதித்தேன். 'உங்களுக்கு என்ன தொந்தரவு?' என்ற கேள்விக்குக் கீழே ஏழு கட்டங்கள்: ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி, கர்ப்பம், கடைசியில் 'ஒன்றுமில்லை'. ஒன்றிலாவது டிக் அடிக்காமல் யாரும் தப்பிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் 'கட்டாயம்' என்று நிபந்தனை போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஏழிலும் டிக் இருந்தால்தான் அனுப்புவேன் என்று படிவம் அடம்பிடித்தது. ஏழிலும் டிக் அடித்தே சோதித்த எனக்கு அது தெரியவே இல்லை.

முதலில் பதிந்தவன் என் அண்ணன். ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தவன். இந்தப் பந்தயத்தில் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஓடுகிறவர்களின் உடல்நிலையைப் பார்த்து அனுமதிக்கும் டாக்டரம்மா போன் செய்தார்.

"ஏம்மா, நானூறு பேர் பதிஞ்சிருக்காங்க. நானூறு பேரும் கர்ப்பம். அதுல முந்நூறு பேர் ஆம்பளைங்க!"

"டாக்டர், அது வந்து..."

"எல்லாருக்கும் இதய நோய் வேற. அதோட 'ஒன்றுமில்லை'ன்னும் போட்டிருக்காங்க. நான் ஒருத்தரையும் ஓட விடமாட்டேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தனித்தனிக் கட்டாயத்தைத் தூக்கிவிட்டு, மொத்தத்தில் ஒரு டிக்காவது இருக்கிறதா என்று மட்டும் படிவத்தைப் பார்க்கச் சொன்னேன். 'ஒன்றுமில்லை'யில் டிக் அடித்தால் மற்றவை தானாக அழிந்துவிடும். எல்லோரையும் மறுபடி நிரப்பச் சொல்லிக் கெஞ்சி மின்னஞ்சல் அனுப்பினேன்.

சாயங்காலத்துக்குள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு உடம்பு குணமாகிவிட்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் முட்டி வலி. பெயரைப் பார்த்தால், என் அண்ணன்.

"அவர் ஓட வேண்டாம்" என்றார் டாக்டரம்மா, கறாராக.

விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் புது ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கூடவே கோபமும்.

"எல்லாரையும் போல நீயும் 'ஒன்றுமில்லை'ன்னு போட வேண்டியதுதானே அண்ணா?"

"வலிக்குதே, என்ன பண்றது?" என்று முட்டியைத் தடவினான். பிறகு என்னை முறைத்தான். "உன்னை யாரு அதைச் சரி பண்ணச் சொன்னா? நான் பாட்டுக்கு நானூறு பேரோட சேர்ந்து ஓடாம இருந்திருப்பேன். இப்ப நான் மட்டும் தனியா ஓடாம இருக்கணும்."