மாஸ்டரின் ஒரே எதிரி

கராத்தே மாஸ்டருக்கு எழுபது வயது. அவர் கை வீசினால் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. எண்ணெய் ஒழுகுவதுபோல் இருக்கும். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். சர்க்கரை வந்தபிறகு டாக்டர் விரட்டியதால் நாற்பத்தைந்து வயதில் அவரிடம் சேர்ந்தவன். எதற்கும் பயன் என்ன என்று கேட்டே பழக்கம்.

"மாஸ்டர், நிஜத்துல இது எப்பவாவது உதவியிருக்கா?"

"என்னை யாரும் அடிக்க வந்ததில்ல. தரைதான் மூணு தடவை அடிக்கப் பார்த்துச்சு."

மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்புக்கு முன் கூடத்தை மாணவர்கள்தான் துடைக்க வேண்டும். மறுநாள் என் முறை. வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி சோப்புத் திரவம் போதும். என்மேல் குறை வரக்கூடாதென்று அரை பாட்டில் ஊற்றினேன்.

மாஸ்டர் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். கால் வழுக்கியது. தாடையை நெஞ்சில் ஒட்டி, முதுகை வளைத்து, இடது கையால் தரையை ஓங்கி அறைந்து, உருண்டு எழுந்து நின்றார். டம்ளரில் பாதி டீ மிச்சமிருந்தது.

"நாலு," என்றார்.

பதறிப்போய் அவரைப் பிடிக்க ஓடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மேலே சுற்றும் மின்விசிறி. அதை மறைத்துக்கொண்டு மாஸ்டரின் முகம் வந்தது. நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார்.

"உங்களுக்கு ஒண்ணு."